வினா எழுப்பிய விஞ்ஞானி

இன்றைய வங்காளதேசத்தில், டாக்காவை அடுத்த சியோராதாலி என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் மேகநாத சாகா. மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் இடமளித்து ஆதரித்ததால் அவரது படிப்புத் தொடர்ந்தது. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து, ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களுடன் சேர்ந்தார். அதனால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையையும் இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை.

1920இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறியும் வழியை உலகிற்குக் காட்டியது. பின்னர்க் கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கினார்.

ஆய்வகத்தோடு சாகா அமைந்துவிடவில்லை. 1952ஆம் ஆண்டு தேர்தலில் போட்டியிட்டு மக்களவை உறுப்பினரானார். கல்வி, வெள்ளத்தடுப்பு, அகதிகள் மறுவாழ்வு ஆகியன குறித்து அரசிடம் அஞ்சாது வினவினார். 1954ஆம் ஆண்டு மே மாதம், அணுசக்தியை ஆக்கப்பணிகளுக்குப் பயன்படுத்துவது பற்றிய விவாதத்தை அவையில் தொடங்கிவைத்தார். அணு ஆராய்ச்சியைச் சூழ்ந்திருந்த மறைப்பு அதன் வளர்ச்சிக்கே தடையாகும் என வாதிட்டார். விடுதலைக்கு முன் தேசியத் திட்டக் குழுவில் அவருடன் பணியாற்றிய நேருவே அப்போது பிரதமர். அந்த நட்பு சாகாவின் வினாக்களைத் தடுக்கவில்லை.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் அவர் உயிர் நீத்தார். பள்ளியை இழந்த நாளில் தொடங்கிய துணிவு இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை. நாட்டின் நலனுக்குரியதை அறிந்தவர் அதைக் கேளாது வாளா இருத்தல் ஆகாது என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.