எல்லீசனும் அலுவல்மொழிக் கல்வியும்

அலுவல் கடிதமும் ஒப்பந்தமும் எழுதப் பிறமொழியாளருக்குக் கற்பிப்போர் இன்று மொழித் தரவகங்களை நாடுகின்றனர். மக்கள் உண்மையில் எழுதியவற்றைத் தொகுத்து, அத்தொகுப்பிலிருந்தே சொல்லாட்சியையும் தொடரமைப்பையும் கற்பிப்பது இம்முறை. குறளுக்கு ஆங்கிலத்தில் உரைவிளக்கம் வரைந்தவராகவும் திராவிட மொழிக்குடும்பக் கருத்தை 1816இல் முன்வைத்தவராகவும் அறியப்படும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777–1819) என்னும் எல்லீசனின் வாழ்வை இக்கோணத்திலும் நோக்கலாம்.

1796இல் கும்பினிப் பணியேற்றுச் சென்னை வந்த அவரது தொடக்கப் பதவியின் பெயரே 'ரைட்டர்', அதாவது எழுத்தர். வணிகமும் வரிவசூலும் நடத்த வந்த அவ்விளைஞர்கள் ஊர்மொழி அறியாது துபாஷிகளையே நம்பியிருந்தனர். 1810இல் சென்னைக் கலெக்டரான எல்லீசன், இக்குறையைக் களைய 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாக முன்னின்றார். அங்கு ஆங்கிலேயர் மாணவர்; கற்பித்தோர் தமிழ்ப் புலவர். இன்றைய வணிக ஆங்கிலக் கல்விக்கு இது நேரெதிர்த் திசை எனினும் தேவை ஒன்றே. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1813இல் அக்கல்லூரியின்வழி அச்சேறியமை, பேச்சு வழக்குக்கு அங்குத் தரப்பட்ட இடத்தைக் காட்டும்.

ஆவணங்களிலிருந்து மொழியறியும் அவரது முறை தெளிவாகத் துலங்குவது மிராசு உரிமை பற்றிய நூலில்தான். காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த தொண்டைமண்டலத்தின் காணியாட்சி குறித்து அரசு விடுத்த 17 வினாக்களுக்கான விடையாக அந்நூல் 1818இல் வெளிவந்தது. சங்கரய்யரின் துணையுடன் அவர் கல்வெட்டுகளையும் நில ஆவணங்களையும் சான்றாக்கினார். ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதோடு அமையாது, அது வழங்கிய ஆவணத்திலும் தேடினார். எனினும் இதனைத் தரவகம் என்றே பெயரிடுதல் மிகை. சொற்களின் வருகையை அவர் எண்ணிக் கணக்கிடவில்லை.

கற்றதை எழுதிக் காட்டியதற்கும் சான்றுண்டு. 1818இல் இராயப்பேட்டையில் வெட்டுவித்த கிணற்றின் கல்வெட்டு, பழைய சாசனங்களின் நடையையும் சக ஆண்டுக் கணக்கையும் பின்பற்றுகிறது. நாட்டிற்கு உறுப்பாக நீர்வளத்தைச் சுட்டும் குறளும் அதில் இடம்பெற்றுள்ளது. சாசன வகைமையின் மரபினை உள்வாங்காத ஒருவரால் இவ்வாறு எழுதுவித்திருக்க இயலாது.

நாற்பது அகவை நிறையும்வரை நூல் வெளியிடுவதில்லை என்ற உறுதி அவருக்கு இருந்தது. அதைக் கடந்த சிறிது காலத்திலேயே, 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சுண்டு இறந்தார். அவரது தாள்கள் மதுரைக் கலெக்டர் மாளிகையில் கேட்பாரற்றுக் கிடந்தன. அங்கிருந்த சமையற்காரர் பல திங்கள் அவற்றைக் கொண்டே அடுப்பு மூட்டியதாக வால்டர் எலியட் பதிவு செய்துள்ளார். எலியட் மீட்டவற்றுள் சில, ஜி.யு. போப் வழியாக ஆக்சுபோர்டு நூலகத்தை அடைந்தன.