ஒரே கேள்வித்தாள் நீதியாகுமா?

எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே கேள்வித்தாள். பிறகு அநீதி எங்கே வந்தது என்று கேட்போர் உண்டு. அவர்கள் முன் நாம் ஹெலன் கெல்லரின் வாழ்க்கையை எடுத்து வைக்கிறோம்.

1880-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார் அவர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோய், கண்ணையும் காதையும் பறித்தது. 1887-இல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்தார். உள்ளங்கையில் விரலால் எழுத்துக்களை உணர்த்தியே அந்தச் சிறுமிக்கு உலகத்தை அறிமுகம் செய்தார்.

வளர்ந்த ஹெலன், ராட்கிளிஃப் கல்லூரியில் சேர விரும்பினார். 1899-இல் நுழைவுத் தேர்வு. கேள்விகளைக் கையில் உணர்த்த சல்லிவனுக்கு அனுமதியில்லை. வேறொருவர் பிரெயில் புள்ளியெழுத்தில் பெயர்த்துக் கொடுத்தார். அன்றோ, இங்கிலாந்துப் பிரெயில் வேறு, அமெரிக்கப் பிரெயில் வேறு! ஹெலன் அல்ஜீப்ரா படித்தது ஒன்றில். கேள்வி வந்தது மற்றொன்றில். இது தெரியவந்ததே தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான். மற்ற மாணவிகளுக்கு ஒரு பரீட்சை, அவருக்கு இரண்டு. இதுவா சமத்துவம்?

ஆயினும் தேறினார். 1900-இல் கல்லூரியில் சேர்ந்தார். 1904-இல் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இழந்தவர்களில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

அவர் படிப்புக்குப் பணம் தந்தவர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிச் சீமான் ஹென்றி ரோஜர்ஸ். பரிந்து பேசியவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். ஆலைத் தொழிலாளியின் பார்வையற்ற மகளுக்காக எந்தச் சீமான் வருவான்? ஹெலனே இதை உணர்ந்தார். வறுமையும் பாதுகாப்பற்ற தொழிற்சாலையும் பலரின் பார்வையைப் பறிப்பதைக் கண்டார். 1909-இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். முன்பு அவர் அறிவைப் புகழ்ந்த ஏடே, அதன்பின் அவருடைய உடற்குறையைச் சுட்டி ஏளனம் செய்த கொடுமையும் நடந்தது.

1968-இல் அவர் மறைந்தபோதும், இத்தகைய பிள்ளைகளைச் சேர்க்க மறுக்க அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமே இடம் தந்தது. 1975-இல் வந்த மத்தியச் சட்டம்தான், அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தருவது பொதுப் பள்ளிகளின் கடமை என்றாக்கியது.

பிள்ளை படித்த எழுத்திலேயே கேள்வித்தாளைத் தருவது சலுகையல்ல, நியாயம். சீமான் இரங்கினால் கிடைப்பது தருமம். சட்டத்தால் கிடைப்பது உரிமை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நாம் கேட்பது தருமமல்ல, உரிமை!