காஞ்சிக்கு வந்த சீனத் துறவி

சீன தேசத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது? அந்த நாடு எங்கோ இருக்கிறது, அதன் எழுத்துகளோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று மலைக்க வேண்டாம். நம் காஞ்சீபுரத்திலிருந்தே தொடங்கலாம். சுமார் 1,380 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு சீனர் வந்தார். அவர்தான் யுவான் சுவாங்.

நம் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் பெயர் இது. சீனத்திலோ சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை! அவருடைய இந்திய யாத்திரையை வைத்து 16-ம் நூற்றாண்டில் ஒரு நாவல் தோன்றியது. அதில் அவருக்குத் துணையாக ஒரு குரங்கு வரும். வானத்தில் தாவும், அசுரர்களை அடிக்கும். நமக்கு அனுமார் ஞாபகம் வரும். நாடகத்திலும் சினிமாவிலும் அந்தக் குரங்கு இன்றும் உலவுகிறது.

கதை இருக்கட்டும். உண்மை மனிதரைப் பார்ப்போம்.

தடையை மீறினார்

யுவான் சுவாங் லோயாங் நகரத்துக்கு அருகே பிறந்தவர். நான்கு ஆண் பிள்ளைகளில் கடைசி. சிறு வயதிலேயே புத்த மடத்தில் சேர்ந்தார். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. ஒரு மொழிபெயர்ப்பு ஒன்று சொன்னது. இன்னொன்று வேறு சொன்னது. மூல நூலையே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். மூலம் இருந்ததோ இந்தியாவில்!

அப்போது எல்லை தாண்ட அரசாங்க அனுமதி கிடையாது. 629-ல் அவர் ஒளிந்து புறப்பட்டார். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கை நழுவியது. இருந்த தண்ணீரெல்லாம் மணலில் கொட்டிவிட்டது. சிறிது தூரம் திரும்பி நடந்தார். இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓர் அடியும் வைப்பதில்லை என்று செய்த சபதம் ஞாபகம் வந்தது. மறுபடி மேற்கே திரும்பினார். பல நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் குதிரைதான் நீர்நிலையைக் கண்டுபிடித்து அவரைக் காப்பாற்றியது.

குருவின் குரு

நாளந்தாவில் சுமார் 5 ஆண்டுகள் படித்தார். ஆசிரியர் சீலபத்திரர், தள்ளாத கிழவர். அந்தச் சீலபத்திரருக்குக் குரு தர்மபாலர். அவர் எந்த ஊர் தெரியுமா? காஞ்சீபுரம்!

சுமார் 640-ல் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நரசிம்மவர்ம பல்லவன் ஆண்ட காலம். நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதினார். மக்கள் தைரியசாலிகள், நம்பத் தகுந்தவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்றும் குறித்தார்.

இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் எண்ணம். அங்கே ராஜா இறந்து பஞ்சமும் வந்துவிட்டதாக, அங்கிருந்து வந்த பிக்குகள் சொன்னார்கள். ஆகவே வடக்கே திரும்பினார். காட்டு வழி. கள்ளர் பயம், மிருக பயம். யானை நடமாடும் தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆற்றோடு போன நூல்கள்

ஊர் திரும்பும்போது சிந்து நதியில் படகு ஆடியது. 50 நூல்கள் தண்ணீரோடு போயின. ஆசையாகச் சேர்த்த பூச்செடி விதைகளும் போயின. பிரதி எடுத்து வர ஆள் அனுப்பிக் காத்திருந்தார். 645-ல் தலைநகரம் சேர்ந்தபோது அவரிடம் 657 நூல்கள் இருந்தன.

தடையை மீறியவரைச் சக்கரவர்த்தி தாய்சோங் தண்டிக்கவில்லை. பதவி கொடுக்க முன்வந்தார். யுவான் சுவாங் அதை மறுத்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 19 ஆண்டுகளில் சுமார் 75 நூல்கள்! அவற்றில் சில இந்தியாவில் அழிந்து, சீன மொழியில் மட்டும் பிழைத்திருக்கின்றன. நம் பழைய நூலைத் தேடுகிறவரும் சீன எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது! மண்மூடிக் கிடந்த நாளந்தாவை 19-ம் நூற்றாண்டில் கன்னிங்ஹாம் துரை அடையாளம் கண்டதும் யுவான் சுவாங்கின் குறிப்பை வைத்துத்தான்.

664-ல் அவர் காலமானார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நாளந்தாவிலிருந்த ஒரு பிக்குவுக்குக் கடிதம் எழுதினார். சீலபத்திரர் மறைந்த செய்தி கேட்டுத் துக்கப்பட்டிருந்தார். கூடவே ஒரு பட்டியலும் வைத்தார். அது சிந்து நதியில் போன நூல்களின் பட்டியல். பிரதி எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்.