உயிர் எழுத்துகளைத் தொகுத்த மார்கரெட் டேஹாஃப்

மனித ஜீனோம் திட்டம் 2003-ல் முடிந்தது. 2005-ல் சிம்பன்சியின் ஜீனோமும் வெளிவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாச்சு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் கலைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. உயிர்வேதியியல் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்தான். மற்ற துறை நண்பர்களுக்காகவும் அவர் கதையை இங்கே சொல்கிறேன்.

மார்கரெட் டேஹாஃப் 1925 மார்ச் 11-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, கொலம்பியாவில் 1948-ல் வேதியியல் டாக்டர் பட்டம் பெற்றார். அலுவலகக் கணக்குப் போடும் துளை அட்டை இயந்திரங்களில் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டதுதான் அவரது ஆராய்ச்சி. பிறகு இரண்டு மகள்களை வளர்க்கச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தார். 1960-ல் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் அவரது பெரிய வேலை தொடங்கியது.

அந்தக் காலத்தில் ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைப் படிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சங்கிலியைத் துண்டு துண்டாக்கிப் படித்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களைப் பார்த்து ஒட்ட வேண்டும். கிழிந்த கடிதத்தை ஒட்டுகிற மாதிரி! இந்த ஒட்டு வேலையைச் செய்ய, ராபர்ட் லெட்லியுடன் சேர்ந்து 1962-ல் ஐ.பி.எம். 7090 கம்ப்யூட்டருக்கு ஒரு நிரல் எழுதினார். இன்று ஜீனோம் துண்டுகளை இணைப்பதிலும் இதே யோசனை இருக்கிறது.

1965-ல் அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி 'அட்லஸ்' வெளியிட்டார். மூன்று எழுத்துச் சுருக்கங்கள் கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்ததால், ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரே எழுத்து கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அதுதான். தொகுத்து வைத்தால் என்ன லாபம்? சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் 104 அமினோ அமிலங்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அதில் ஒன்றுகூட மாறவில்லை. குதிரைக்கு 12 இடம் மாறுகிறது. உறவு நெருக்கத்தை எண்ணியே சொல்லிவிடலாம். எந்த அமினோ அமிலம் எதுவாக எளிதில் மாறும் என்று 1,572 மாற்றங்களை எண்ணி, 1978-ல் 'பாம்' அட்டவணை தந்தார். 1982-ல் வினோனா பார்க்கருடன் சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸ் புரதம் பாலூட்டிகளின் சாதாரண நொதி ஒன்றுக்குச் சொந்தம் என்று காட்டினார். சோதனைக் குழாயைத் தொடாமல், ஒப்பீட்டாலேயே!

இத்தனைக்கும் மனக்குறை இல்லாமல் போகவில்லை. தொகுக்கும் வேலைக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். அட்லஸை விலைக்கு விற்றார்கள். தகவலை மற்றவர்கள் மறுபடி வழங்கவும் தடை இருந்தது. நாங்கள் பாடுபட்டுக் கண்டதை இவர்கள் விற்பதா என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். இரு பக்கமும் நியாயம் உண்டு. 1982-ல் அரசின் மரபணு வங்கியான 'ஜென்பேங்க்' ஒப்பந்தம், எல்லோருக்கும் தாராளமாகத் தர முன்வந்த லாஸ் அலமாஸ் பக்கம் போய்விட்டது. சில மாதங்களிலேயே, 1983 பிப்ரவரி 5-ல், மாரடைப்பால் காலமானார். வயது 57.

அவர் சேர்த்தது வீண்போகவில்லை. 1984-ல் அது புரதத் தகவல் மையமாகி, 2002-ல் 'யூனிப்ராட்' என்ற பொதுத் தொகுப்பில் கலந்தது. இன்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மாணவச் செல்வங்களே, கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் கைதட்டல் அடுக்கி வைப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அடுக்கத்தான் வேண்டும். அடுக்கியதை எல்லோருக்கும் திறந்தும் வைக்க வேண்டும்.