வானைச் சான்றாக அழைத்த வஞ்சி வேந்தர்

சுவாதித் திருநாள் மகாராஜா என்றதும் அவரியற்றிய கீர்த்தனங்களே நம் நினைவிற்கு வருவன. இசைவல்லாராகிய அவ்வரசர் வானநூலின்பாற் கொண்டிருந்த ஆர்வத்தை அறிவார் சிலரே. கோட்டாறு அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததாதலின், நம் முன்னோர்க்கும் அவரே மன்னர். அவர் வரலாற்றின் அப்பகுதியை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கொல்லம் 988 சித்திரையில், அதாவது 1813-ஆம் ஆண்டு, இவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தமையால், சிற்றன்னையார் கௌரி பார்வதி பாயி இவர்க்காக அரசியல் நடத்தினார். தஞ்சாவூர் சுப்பராயரிடம் ஆங்கிலங் கற்ற இவர், 1829-ல் தமது பதினாறாம் வயதில் ஆட்சி ஏற்றார்.

நம் நாட்டுச் சோதிடக் கணிதம் மேனாட்டார் கணிதத்தோடு எத்துணை ஒத்துள்ளது என்றறிய அரசர் விழைந்தார். ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டால் வழக்கு ஓயாது. வானத்தையே சான்றாக அழைத்தல் வேண்டும். ஆலப்புழையில் அரசாங்க வணிக அலுவலராயிருந்த ஜான் கால்டிகாட் துரை, தம் கருவிகளால் விண்மீன்களை நோக்கி வருதலை அறிந்து, அவரையே தலைவராக்கி, 1837-ல் திருவனந்தபுரத்துக் குன்றொன்றின்மேல் வான ஆராய்ச்சி நிலையம் நிறுவினார்.

ஆங்கமைந்த கருவிகளுள் ஒன்று வடக்குத் தெற்காக மட்டும் திரும்பும் தொலைநோக்கி. குறித்த விண்மீன் அதன் நடுவிழையைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பர். கடிகாரம் பிழைத்திருப்பின் விண்மீன் அதனைத் திருத்தும். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் யவனர், ஞாயிறு திங்களின் செலவையும் கிரகணங்களையும் காட்டும் வெண்கலப் பற்சக்கரப் பொறியொன்று சமைத்தனர். அது 1901-ல் கடலடியினின்றும் எடுக்கப்பெற்றது. வியத்தகு பொறியே, எனினும் செய்தவன் கணக்கையே அது காட்டும். கணக்கு மெய்யோ என உணர்த்துவது வானை நோக்கும் கருவியேயாம்.

1840-ல் ரெசிடெண்டாக வந்த கல்லன் துரையின் தலையீட்டால் அரசர் மனம் மிக நொந்தார். 1846-ல், முப்பத்துமூன்றாம் வயதில் உயிர்நீத்தார். மூன்றாண்டிற்குப் பின் கால்டிகாட்டும் மறைந்தார். ஆயினும் நிலையம் மறைந்திலது. 1852-ல் பொறுப்பேற்ற பிரௌன் துரை, அகத்தியர் மலை முடியிலும் நிலக்காந்த ஆராய்ச்சி நடத்தினார். இன்று அந்நிலையம் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ளது.

முன்னோர் கணக்கைச் சோதித்தல் அவரை இகழ்தலாமோ? அன்று; மெய்யை நாடியே அவர் கணித்தாராதலின், அதனைச் சோதித்தலே அவர்க்குச் செய்யும் சிறப்பு. அரசராயிருந்தும் விண்மீனின் தீர்ப்பிற்குத் தலைவணங்க முன்வந்த அவ்விளைஞரின் பணிவு, கற்கும் பருவத்தினராகிய நமக்கும் வாய்ப்பதாக.