பால் கொசோஃப்

பால் கொசோஃப் (செப்டம்பர் 14, 1950 – மார்ச் 19, 1976) இங்கிலாந்தைச் சேர்ந்த ராக் இசைக் கிட்டார் கலைஞர் ஆவார். ஃப்ரீ என்ற இசைக்குழுவின் மூலம் புகழ் பெற்றார். பின்னர் பேக் ஸ்ட்ரீட் க்ராலர் என்ற கடும் ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். அக்குழு இவருடன் ஓராண்டு மட்டுமே இயங்கியது. போதைப்பொருள் பழக்கத்தால் உடல்நலம் குன்றி, தமது 25 ஆவது வயதில் காலமானார்.

இளமைக் காலம்

பால் கொசோஃப் இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். இவரது தந்தை டேவிட் கொசோஃப் புகழ் பெற்ற நாடக, திரைப்பட நடிகர். சிறு வயதில் செவ்வியல் கிட்டார் பயின்ற பால், சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார். ஜான் மேயாலின் புளூஸ் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்ததைக் கேட்ட பின்னர் மின்கிட்டாரின் பக்கம் திரும்பினார். இலண்டனில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றில் விற்பனையாளராகவும் பணியாற்றினார். பிளாக் கேட் போன்ஸ் என்ற புளூஸ் குழுவில் வாசித்தபோது முரசுக் கலைஞர் சைமன் கிர்க்குடன் நட்பு ஏற்பட்டது.

ஃப்ரீ இசைக்குழு

1968 இல் கொசோஃப், கிர்க், பாடகர் பால் ரோட்ஜர்ஸ், பேஸ் கிட்டார் கலைஞர் ஆண்டி ஃப்ரேசர் ஆகிய நால்வரும் இணைந்து ஃப்ரீ குழுவைத் தொடங்கினர். அப்போது ஃப்ரேசருக்கு வயது 15 மட்டுமே. குழுவின் பெயருக்கு வழிகாட்டியவர் புளூஸ் கலைஞர் அலெக்சிஸ் கார்னர்.

1969 இல் வெளியான முதல் இரண்டு இசைத்தொகுப்புகளும் பெரிதாக விற்கவில்லை. 1970 இல் வெளியான ஃபயர் அண்ட் வாட்டர் தொகுப்பில் இடம்பெற்ற ஆல் ரைட் நவ் என்ற பாடல் பிரித்தானியாவில் 2 ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 4 ஆம் இடத்தையும் பிடித்தது. அவ்வாண்டு ஆகத்து மாதம் வைட் தீவு இசை விழாவில் பெரும் கூட்டத்தின் முன் இக்குழு இசைத்தது. எனினும் அடுத்து வந்த ஹைவே தொகுப்பு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ரோட்ஜர்சுக்கும் ஃப்ரேசருக்கும் இடையே பிணக்கு வளர்ந்து, 1971 இல் குழு கலைந்தது.

இப்பிரிவு கொசோஃபைப் பெரிதும் பாதித்தது. 1970 இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மறைந்ததும் அவரை முன்பே வருத்தியிருந்தது. இக்காலத்தில் அவரது போதைப்பொருள் பழக்கம் கடுமையாயிற்று. அவருக்கு உதவும் நோக்குடன் 1972 இல் நால்வரும் மீண்டும் இணைந்தனர். ஆனால் கொசோஃபால் பல மேடைகளில் சீராக வாசிக்க முடியவில்லை. 1973 இல் வெளியான ஹார்ட்பிரேக்கர் தொகுப்பில் அவர் குழு உறுப்பினராக அன்றிக் கூடுதல் கலைஞராகவே குறிப்பிடப்பட்டார். அதே ஆண்டின் அமெரிக்கப் பயணத்தில் ஒசிபிசா குழுவின் வெண்டல் ரிச்சர்ட்சன் அவருக்குப் பதிலாக வாசித்தார். அத்துடன் ஃப்ரீ முடிவுக்கு வந்தது. ரோட்ஜர்சும் கிர்க்கும் பேட் கம்பெனி குழுவைத் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றனர்.

பேக் ஸ்ட்ரீட் க்ராலர்

1973 இல் பேக் ஸ்ட்ரீட் க்ராலர் என்ற தனி இசைத்தொகுப்பைக் கொசோஃப் வெளியிட்டார். அதன் ஒரு பக்கம் முழுவதையும் சொற்களற்ற ஒரே இசைக்கோவை நிரப்புகிறது. மோல்டன் கோல்ட் என்ற பாடலில் ஃப்ரீ குழுவின் நால்வரும் பங்கேற்றனர்.

1975 இல் அதே பெயரில் குழு ஒன்றை அமைத்தார். ஆங்கிலேயரான டெரி வில்சன்-ஸ்லெஸ்ஸர் பாடினார். பேஸ் கிட்டார் கலைஞர் டெரி வில்சன், முரசுக் கலைஞர் டோனி பிரானகெல் ஆகியோர் அமெரிக்கர்கள். விசைப்பலகையை முதலில் மைக் மாண்ட்கோமரியும் பின்னர் ஜான் பண்ட்ரிக்கும் வாசித்தனர். அவ்வாண்டே தி பேண்ட் பிளேஸ் ஆன் என்ற முதல் தொகுப்பு வெளியாயிற்று. ஆனால் கொசோஃப் கடுமையாக நோயுற்றார். மருத்துவமனையில் அவரது இதயம் நின்று, மருத்துவர்களின் முயற்சியால் உயிர் பிழைத்தார். இதனால் குழுவின் நிகழ்ச்சிகள் தடைப்பட்டன. செகண்ட் ஸ்ட்ரீட் என்ற இரண்டாம் தொகுப்பில் வேறொரு கிட்டார் கலைஞரும் வாசிக்க நேர்ந்தது.

மறைவு

மார்ச் 19, 1976 அன்று லாஸ் ஏஞ்சலசிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் உறங்கிக்கொண்டிருந்தபோது கொசோஃப் இறந்தார். நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்ததே காரணம். இலண்டன் கோல்டர்ஸ் கிரீன் தகனசாலையில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது. அதில் அவரது குழுவைப் புகழ் பெறச் செய்த பாடலின் தலைப்பே பொறிக்கப்பட்டுள்ளது.

மகனின் மறைவுக்குப் பின்னர் டேவிட் கொசோஃப் போதைப்பொருள்களின் தீமையை விளக்கும் தனிநபர் மேடை நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார். எஞ்சிய இசைக்கலைஞர்கள் குழுவின் பெயரை க்ராலர் எனச் சுருக்கிக்கொண்டு, கிட்டார் கலைஞர் ஜெஃப் வைட்ஹார்னுடன் மேலும் இரு தொகுப்புகளை வெளியிட்டனர். 1978 இல் வெளியானதே கடைசித் தொகுப்பு.

இசைப் பாணி

கொசோஃப் கிப்சன் லெஸ் பால் கிட்டாரையும் மார்ஷல் ஒலிபெருக்கியையும் பயன்படுத்தினார். விரைவாக வாசிப்பதை விடக் குறைந்த சுரங்களை நீட்டி, இடது கை விரலால் அவற்றை அதிரச் செய்வதே அவரது தனித்தன்மை. சுரங்களுக்கு இடையே விடும் அமைதியும் அவரது வாசிப்பின் பகுதியாக விளங்கியது.