நாகசுர சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

மங்கலநாண் பூட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்காவிடில் அத்திருமணம் நிறைவுற்றதாக நம்மவர் கருதார். அத்துணைச் சிறப்புடைய இசையை வழங்குவோர்க்கு முற்காலத்தில் கிடைத்த மதிப்பு யாது? சட்டையணியாது, மேலாடையை இடையிற் கட்டி, செல்வர் முன்னிலையில் நின்றவண்ணமே வாசித்தல் வேண்டும் என்பதே வழக்கம். இக்குறையைத் தம் கலைவலிமையாற் களைந்தவர் நம் மரபிற் றோன்றிய இராஜரத்தினம் பிள்ளையவர்களாவர்.

இவர் 1898-ஆம் ஆண்டிற் குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகவாய்ப் பிறந்தார். தாய்மாமனும் நாகசுர வித்துவானுமாகிய திருமருகல் நடேச பிள்ளை இவரைத் தம் மைந்தராகவே ஏற்றனர். பெயரின் முன்னெழுத்துக்கள் இன்றும் அவரையே நினைவூட்டுவன. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றார். வாய்ப்பாட்டுப் பயிற்சியே இவர்தம் வாசிப்பிற்கு உயிராயிற்று.

அந்நாளில் வழங்கியது திமிரி என்னும் குறுங்கருவி. அதன் சுருதி மிக உயர்ந்தது. வீதியுலாவிலும் மாப்பிள்ளை யழைப்பிலும் நெடுந்தூரம் கேட்கும். ஆயினும் அதில் சுத்த மத்திமம் செம்மையாக ஒலித்தல் அரிது. பிள்ளையவர்கள் நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியைக்கொண்டு சுருதி தாழ்ந்த, நீண்ட பாரி நாகசுரத்தைச் செப்பஞ்செய்வித்தனர். குரலிற் பாடுவதுபோன்ற குழைவு கருவியில் எழுந்தது. ஒத்துக்கு மாறாகத் தம்புராவையும் சுருதிக்கு அமைத்துக்கொண்டனர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் துணைநிற்க, இவர் தோடி இராகத்தை மணிக்கணக்காக விரித்துரைப்பர். அத்தோடி இசைத்தட்டிலேறி, இவரை நேரிற் காணாதார் இல்லங்களிலும் ஒலித்தது.

இத்தகைய புகழைத் தமக்கு மட்டும் பயன்படுத்தினாரல்லர். சட்டையணிந்தும், மேடைமீது பாடகர்க்கு நிகராய் அமர்ந்துமே வாசிப்பேன் என உறுதிபூண்டனர். இவர்தம் பிடிவாதத்தைச் செருக்கென்றாரும் உளர். ஆனால் இவர் வென்ற இருக்கையில் பின்வந்த கலைஞர் அனைவரும் அமர்ந்தனர் என்பதை மறத்தலாகாது. 1940-இல் காளமேகம் என்னும் திரைப்படத்தில் நடித்தார். 1955-இல் மத்திய சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றார். 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையில் இயற்கை யெய்தினார்.

இன்று பல மண்டபங்களில் நாகசுரக்காரர் ஒரு மூலையில் அமர்த்தப்பெறுகின்றனர். அவர் இராகம் தொடுங்கால் நாம் உரையாடிக்கொண்டிருக்கிறோம். கெட்டிமேளத்திற்கு விரலசைத்தலோடு நம் கடன் முடிகின்றது. சிலர் ஒலிப்பதிவே போதும் என்று கருவியிசையையே விலக்கிவிடுகின்றனர். அன்பர்களே, நும் இல்லத்து மணவினையில் வித்துவானுக்கு உயர்ந்த இடமளியுங்கள். முகூர்த்தத்திற்கு முன் அரைமணி நேரமேனும் அவர் வாசிப்பை அமைதியாய்ச் செவிமடுங்கள். சிறுவரை அருகழைத்து அமரச் செய்யுங்கள். பிள்ளையவர்கட்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவேயாகும்.